பாலத்திலிருந்து எறிந்த குளிசைகள்

பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் நான் எழுதிய ஒரு சிறுகதையைப் பற்றியே முதலில் பேச வேண்டியிருக்கிறது. தன் கதையைத் தானே விமர்சிப்பது எமது இலக்கிய உலகில் வழக்கமில்லை. மற்றவர் விமர்சித்தாலே கோபித்துக்கொள்ளும் மரபு எம்முடையது. ஆயினும் இந்தக் கட்டுரைக்கு வேறொரு தொடக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

கதை இதுதான். கண்டிக்கு அண்மையில் ஒரு கிராமம். அங்கே ஒரு தாய். ஏழு வயதாகியும் மகனுக்குப் பேச்சு வரவில்லை. தன் தலையில் தானே அடித்துக்கொள்கிறான். கிளினிக்கில் குளிசை கொடுக்கிறார்கள். குளிசை விழுங்கிய பிள்ளை பொம்மைபோல் சுருண்டு கிடக்கிறது. ஒருநாள் கிளினிக்கிலிருந்து திரும்பும் வழியில் அந்தத் தாய் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் பஸ்ஸை விட்டிறங்கி, குளிசைகளை மகாவலி கங்கையில் எறிகிறாள். பிள்ளையை வாரி அணைக்கிறாள். பிள்ளை முதன்முறையாக 'உம்மா' என்கிறது. அவ்வளவுதான்.

கதை வெளிவந்தபோது நல்ல பெயர் கிடைத்தது. அக்குறணையில் நடந்த ஒரு கூட்டத்தில் நண்பர் ஒருவர் கடைசி வரியை இரண்டு முறை வாசித்துக் காட்டினார். கண் கலங்கியதாகச் சொன்னவர்களும் உண்டு. நானும் அதை என் நல்ல கதைகளுள் ஒன்றாகவே எண்ணியிருந்தேன்.

சில மாதங்களின் பின் ஒரு தாய் என்னைத் தேடிப் பாடசாலைக்கு வந்தார். அவருடைய மூத்த மகள் எங்கள் மாணவி. இளைய பிள்ளைக்கு ஒட்டிசம். (அடையாளங்களை மாற்றியே எழுதுகிறேன்.) மகள் சஞ்சிகையைக் கொண்டுபோய்க் கதையை வாசித்துக் காட்டியிருக்கிறாள். ஏற்கெனவே மாமியார் ஒருபுறம், அயலவர் மறுபுறம் 'இந்தச் சின்ன வயசில இந்த மருந்தெல்லாம் எதுக்கு' என்று சொல்லிக்கொண்டிருந்த வீடு. கதை கடைசித் தள்ளாகிவிட்டது. யாரிடமும் கேட்காமல் குளிசையை நிறுத்திவிட்டார். மூன்று கிழமை பிள்ளைக்கு உறக்கமில்லை. கையைக் கடித்துக் கடித்துப் புண்ணாக்கிக்கொண்டான். ஒருநாள் விடியப்புறம் கதவைத் திறந்து மெயின் ரோட்டுக்கு ஓடியிருக்கிறான். பிறகு பயந்து பயந்து மீண்டும் கிளினிக்குக்குப் போயிருக்கிறார். வைத்தியர் ஏசவில்லை. குறைந்த அளவிலிருந்து திரும்பவும் தொடங்கினார்.

அந்தத் தாய் என்மீது குறை சொல்ல வரவில்லை. ஒரு சந்தேகம் கேட்கவே வந்தார். "அந்தக் கதையில வார புள்ள ராவைக்கு ஒறங்குமா சேர்?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. கதை எழுதும்போது அந்தப் பிள்ளையின் இரவைப் பற்றி நான் யோசித்திருக்கவேயில்லை. ஒரு கதையைப் பற்றி எமது விமர்சகர்கள் கேட்ட எந்தக் கேள்வியையும்விட இது கூர்மையானது. இக்கட்டுரை அந்தக் கேள்விக்கான தாமதமான பதில்.

இலங்கையில் இது எங்கோ ஓரிருவருக்கு நேரும் காரியமல்ல. பதினெட்டு முதல் இருபத்துநான்கு மாத வயதுக் குழந்தைகளை நகர்ப்புறம் சார்ந்த ஒரு பகுதியில் பரிசோதித்து 2009இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு, 93 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் ஒட்டிசத்தைக் கண்டது. அந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டால், ஆயிரம் பிள்ளைகள் படிக்க வேண்டிய ஒரு பாடசாலையைச் சுற்றி ஏறத்தாழ பத்துப் பிள்ளைகள். இவர்களை விட, ஓரிடத்தில் இருக்க முடியாத, கவனம் நிலைக்காத பிள்ளைகளின் தொகை தனி. அக்குறணையிலும் மடவளையிலும் உடத்தலவின்னையிலும் கல்ஹின்னையிலும் இப்பிள்ளைகள் இருக்கிறார்கள். எமது கதைகளில்தான் இல்லை. இருந்தாலும், என் கதையில் இருந்ததுபோல, ஒரு முடிவுக்காக இருக்கிறார்கள்.

இந்த முடிவு எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். கண்டியில் பிறந்த சித்திலெப்பை 1885இல் வெளியிட்ட அசன்பேயுடைய சரித்திரம் ஈழத்துத் தமிழ் நாவலின் தொடக்கம் என்பதை நம் வாசகர் அறிவர். சிறு பிராயத்தில் களவுபோன பிள்ளை பல தேசம் கடந்து வளர்ந்து பெற்றோரை வந்தடையும் கதை அது. இழந்த பிள்ளை மீளக் கிடைக்க வேண்டும் என்ற ஆசை எமது புனைவின் முதற்பக்கத்திலேயே இருக்கிறது. அதில் தவறேதும் இல்லை. ஆனால் ஒட்டிசமுள்ள பிள்ளை களவுபோன பிள்ளையல்ல. அது வீட்டுக்குள்ளேயே, தாயின் பக்கத்திலேயே இருக்கிறது. 'உண்மையான' பிள்ளை உள்ளே எங்கோ ஒளிந்திருக்கிறது, அன்பு கதவைத் திறந்தால் வெளியே வந்துவிடும் என்று நான் எழுதியபோது, கண்முன் இருந்த பிள்ளையைப் பிள்ளையாகவே கணக்கெடுக்கவில்லை.

எமது வாசகர் பெரும்பாலும் இத்தகைய பிள்ளைகளைச் சந்திப்பது திரைப்படங்களில்தான். எனவே அவற்றையும் பார்க்க வேண்டும். மணிரத்னத்தின் அஞ்சலி 1990இல் வந்தது. மூளை வளர்ச்சியில் குறைபாடுள்ள குழந்தையைத் தகப்பன் தாயிடமிருந்தே மறைக்கிறான். பிள்ளை இறந்து பிறந்ததாகப் பொய் சொல்கிறான். பிறகு வீட்டுக்கு அழைத்து வருகிறான். அண்ணனும் அக்காவும் அக்கம்பக்கமும் வெறுத்து, பின் நேசிக்கப் பழகும் வேளையில் குழந்தை இறந்துவிடுகிறது. மறைத்தல் என்ற சமூக நோயைத் தமிழ்ப் பார்வையாளர் முன் பகிரங்கமாக வைத்த படம் என்ற வகையில் அதன் இடம் பெரியது. ஆனால் மரணம் அங்கே ஒரு வசதியுமாகிறது. அஞ்சலி பத்து வயதாகி, பதினைந்து வயதாகி, அந்தத் தாய்க்கு முழங்கால் நோகத் தொடங்கும் காலத்தைப் படம் காட்ட வேண்டியதில்லை.

2007இல் வந்த ஹிந்திப் படமான தாரே ஜமீன் பர் எங்கள் ஆசிரியர்களிடையே மிகவும் பேசப்பட்டது. எழுத்துக்களைப் பிரித்தறிய முடியாத சிறுவன், அவனைப் புரிந்துகொள்ளும் சித்திர ஆசிரியர். இப்படத்தைக் குறை சொல்ல எனக்கு விருப்பமில்லை. வாசிப்புக் குறைபாட்டுக்கு மருந்து கிடையாது. பொறுமையான, முறையான கற்பித்தலே வழி. படம் தன் எல்லைக்குள் சரியாகவே பேசியது. பிழை எம்முடையது. அந்தச் சிறுவனுக்குப் பொருந்தியதை எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருத்தினோம். 'நல்ல ஆசிரியர் கிடைத்தால் போதும், டொக்டர் எதற்கு' என்று நானே ஒரு பெற்றோர் கூட்டத்தில் பேசியிருக்கிறேன். கைதட்டினார்கள்.

2013இல் வந்த ஹரிதாஸ் ஒட்டிசத்தை அதன் பெயராலேயே அழைத்த தமிழ்ப் படம். பொலிஸ் அதிகாரியான தகப்பன் விடுப்பெடுத்துக்கொண்டு மகனோடு வகுப்பறையில் வந்து உட்காருகிறான். அந்தக் காட்சிகளில் உண்மை இருக்கிறது. ஆனால் ஓட்டப்பந்தயத்தில் பிள்ளை எதையாவது சாதித்துத்தான் தன் இருப்பை நியாயப்படுத்த வேண்டியிருக்கிறது. ஓடாத, வரையாத, பாடாத பிள்ளையின் தகப்பன் அந்தப் படத்தை விட்டு எப்படி வெளியே வருவான்?

2019இல் திரைக்கு வந்த ராமின் பேரன்பு இவற்றிலிருந்து வேறுபட்டது. வெளிநாட்டில் பல்லாண்டு உழைத்துத் திரும்பும் தகப்பன், மூளை முடக்குவாதமுள்ள மகளோடு தனியே விடப்படுகிறான். மத்திய கிழக்கில் உழைக்கும் வாப்பாமார் நிறைந்த எங்கள் ஊர்களில் இது அயலான கதையல்ல. பருவமடைந்த மகளின் உடல் என்ற, எவரும் வாய்திறக்காத விடயத்தை அப்படம் துணிந்து பேசியது. அத்துணிவு என் கதையில் இருக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இந்நான்கிலும் மருந்து கதையின் மையத்துக்கு வருவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வைத்தியர் வருவார், நோயின் பெயரைச் சொல்வார், போய்விடுவார். அதன் பிறகு தொடங்கும் மாதங்கள் எங்கே? அரைக் குளிசையில் தொடங்குவது, இரண்டு கிழமை பார்ப்பது, கூட்டுவது, பசி போவது, உறக்கம் வருவது அல்லது போவது, குறைப்பது, மாற்றுவது, சில வேளை விட்டுவிடுவது. பெற்றோரின் வாழ்க்கை இந்த இடத்தில்தான் நடக்கிறது. அது மெதுவாக நடப்பதால் எமக்குக் கதையாகத் தெரியவில்லை.

என் கதையில் ஓர் உவமை இருந்தது. 'குளிசை ஒரு சங்கிலி' என்று எழுதியிருந்தேன். அந்தச் சங்கிலி என் சொந்தச் சரக்கல்ல. மேற்கிலே 1960களில் மனநோய் விடுதிகளுக்கெதிராக எழுந்த குரலின் எதிரொலி அது. கென் கேசியின் நாவலும் 1975இல் அதிலிருந்து எடுக்கப்பட்ட திரைப்படமும் அந்தக் குரலை உலகெங்கும் கொண்டுசென்றன. விடுதியில் அடைபட்ட வளர்ந்த மனிதர்களை அடக்குவதற்கு மருந்தைப் பயன்படுத்துவதைக் கண்டித்த குரல் அது. நியாயமான குரல்தான். அதை அப்படியே தூக்கிவந்து, சொந்த வீட்டில், சொந்த உம்மாவின் மடியில் இருக்கும் ஏழு வயதுப் பிள்ளைக்குச் சாத்தினேன். இரவல் உவமை என்பது இரவல் சட்டைபோல. தைக்கப்பட்ட உடம்புக்குத்தான் பொருந்தும்.

தமிழ் முஸ்லிம் எழுத்தாளனுக்குச் சங்கிலியைத் தேடி மேற்கே போக வேண்டிய அவசியமும் இல்லை. 2001 ஓகஸ்ட் 6ஆம் திகதி தமிழ்நாட்டின் ஏர்வாடியில், தர்காவை நாடிவந்த மனநோயாளர்களைத் தங்கவைத்திருந்த ஒரு கொட்டகையில் தீப்பற்றியது. 28 பேர் இறந்தார்கள். ஓட முடியாதபடி சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். அங்கே அவர்களைக் கட்டிவைத்தது இரும்பு. குளிசையைச் சங்கிலி என்று எழுதும்போது, நிஜமான சங்கிலி எங்கே இருந்தது என்பதை மறந்துவிட்டோம். எங்கள் பகுதியிலும், வேலி தாண்டி ஓடும் பிள்ளையைக் கயிற்றால் கட்டிலோடு கட்டிவைத்த வீட்டை நான் கண்டிருக்கிறேன். அந்த உம்மா கொடுமைக்காரியல்ல. சமைக்க வேண்டும், குளிக்க வேண்டும், துணைக்கு யாருமில்லை.

இதைச் சொல்வதால் ஓதிப்பார்ப்பதை நான் இழிவுபடுத்துகிறேன் என்று எவரும் கொள்ள வேண்டாம். ஓதிய தண்ணீரும் குளிசையும் ஒரே மேசையில் இருக்கும் வீடுகளே எமது வீடுகள். மருத்துவம் தேடுவதை மார்க்கம் தடுக்கவில்லை, ஊக்குவிக்கிறது என்பதை நம் வாசகருக்கு நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. குஜராத்தில் மீரா தாதார் தர்காவில் 2008இல் 'தவா - துஆ' என்றொரு முயற்சி தொடங்கப்பட்டது. மருந்தும் பிரார்த்தனையும் என்று பொருள். தர்காவின் முஜாவிர்களே வருவோரை வைத்தியரிடமும் அனுப்பினார்கள். வாழ்க்கையில் ஒன்றாக இருக்கும் இரண்டை எமது கதைகள்தான் எதிரெதிராக நிறுத்துகின்றன. பழைய தலைமுறை எழுத்தாளர் லெப்பையை வில்லனாக்கினார். நான் வைத்தியரை வில்லனாக்கினேன். வித்தியாசம் அவ்வளவே.

இனி, மருந்தைப் பற்றிய சந்தேகத்துக்கு ஆதாரமே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நான் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தாவியவனாவேன்.

ஒட்டிசமுள்ள பிள்ளைகளின் கடும் எரிச்சலுக்கும் தன்னைத்தானே காயப்படுத்தலுக்கும் கொடுக்கப்படும் ரிஸ்பெரிடோன் என்ற மருந்தை எடுத்துக்கொள்வோம். 2002இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில் 101 பிள்ளைகள் பங்குபற்றினார்கள். எட்டுக் கிழமைகளில், மருந்தெடுத்தவர்களுள் நூற்றுக்கு 69 பேர் தெளிவாகத் தேறினார்கள். வெற்றுக் குளிசை எடுத்தவர்களுள் 12 பேர்தான். அதே ஆய்வறிக்கையில் இன்னொரு கணக்கும் உண்டு. மருந்தெடுத்த பிள்ளைகளின் எடை சராசரியாக 2.7 கிலோ கூடியது, மற்றவர்களுக்கு 0.8 கிலோ. அடி குறைந்தது, உடம்பு பெருத்தது. இந்த மருந்து பேச்சைக் கொண்டுவருவதில்லை; ஒட்டிசத்தைப் 'போக்குவதும்' இல்லை. பிள்ளை தன் கையைக் கடிக்காமல் ஒரு மணித்தியாலம் உட்கார்ந்தால், அந்த மணித்தியாலத்தில் எதையாவது கற்கலாம். அவ்வளவுதான் அதன் வாக்குறுதி. 2006இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரசபை இந்த அளவான தேவைக்கே அனுமதி வழங்கியது. மருந்தைத் தயாரித்த ஜோன்சன் அன்ட் ஜோன்சன் நிறுவனம், அனுமதியில்லாத தேவைகளுக்கும் மருந்துகளைப் பரப்பியது தொடர்பான வழக்குகளுக்காக 2013இல் 220 கோடி டொலருக்கு மேல் செலுத்த உடன்பட்டது. ரிஸ்பெரிடோன் அவ்வழக்குகளின் மையத்தில் இருந்தது. ஆகவே 'கம்பனிக்காரன் மருந்து விற்கிறான்' என்று சந்தேகப்படும் மாமியார் முற்றாகப் பிழை சொல்லவில்லை. ஆனால் அவருக்கு விடை ஆற்றில் எறிவதல்ல. எடையை நிறுத்துப் பார், இரத்தத்தைப் பரிசோதி, இன்னும் தேவையா என்று ஒவ்வொரு முறையும் வைத்தியரிடம் கேள் என்பதே.

மற்றது, அமர்ந்திருக்க முடியாத, கவனம் சிதறும் பிள்ளைகளின் மருந்து. இதன் கதை ஆசிரியர்களோடு தொடங்குகிறது என்பது எனக்கு வியப்பளித்தது. 1937இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் சார்ள்ஸ் பிராட்லி என்ற வைத்தியர் தம் விடுதியிலிருந்த 30 பிள்ளைகளுக்கு ஒரு கிழமை பென்ஸிட்ரின் கொடுத்தார். பெரிய மாற்றம் வகுப்பறையில் தெரிந்தது. பிள்ளைகளே அதைக் 'கணக்குக் குளிசை' என்று அழைத்தார்களாம். இன்று பயன்படும் மெத்தைல்பெனிடேட் 1944இல் சுவிற்சர்லாந்தில் ஆக்கப்பட்டு, 1950களின் நடுப்பகுதியில் சந்தைக்கு வந்தது. பசியைக் குறைக்கும், உறக்கத்தைக் கெடுக்கலாம், வளர்ச்சியைக் கவனிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இதைச் சேர்க்கும்படி 2019இலும் 2021இலும் கேட்கப்பட்டு, இரு முறையும் ஏற்கப்படவில்லை. அறிஞர்களிடையேயும் விவாதம் உண்டு.

ஆனால் 1999இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு என்னை மிகவும் யோசிக்க வைத்தது. 579 பிள்ளைகள், பதினான்கு மாதங்கள். ஒரு தொகுதியினருக்கு மருந்து மிகக் கவனமாக அளவிடப்பட்டது, மாதாமாதம் பார்க்கப்பட்டது, ஆசிரியரிடமும் கேட்கப்பட்டது. இன்னொரு தொகுதியினர் தத்தம் ஊரின் வழமையான சிகிச்சைக்கு விடப்பட்டார்கள். அவர்களிலும் மூன்றில் இரு பங்கினர் அதே வகை மருந்துகளையே எடுத்தார்கள். ஆனால் கவனமாகப் பார்க்கப்பட்ட பிள்ளைகளே கூடுதலாகத் தேறினார்கள். ஆய்வுக்காலம் முடிந்து, அந்த நெருக்கமான கவனிப்பும் நின்றபின், மூன்றாம் வருடமளவில் அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. இதிலிருந்து நான் விளங்கிக்கொள்வது இதுதான்: குளிசை தனியே எதையும் முடித்துவைப்பதில்லை. அதைச் சுற்றி யாராவது உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். உன்னிப்பாகப் பார்ப்பது எழுத்தாளனின் தொழில் என்றல்லவா நாம் சொல்லிக்கொள்கிறோம்?

ஆசிரியனின் தொழிலும் அதுதான். இங்கே இன்னொரு குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன். நாலாம் தரத்தில் ஒரு மாணவன். அவனுடைய வாப்பா ஒருநாள் கிளினிக்கிலிருந்து ஒரு படிவத்தைக் கொண்டுவந்து தந்தார். 'ஒருபோதும் இல்லை, சிலவேளை, அடிக்கடி, மிக அடிக்கடி' என்று நான்கு பெட்டிகள். இந்தக் குறைபாட்டை முடிவுசெய்ய, வீட்டில் மட்டுமன்றி வேறோரிடத்திலும் அது தென்பட வேண்டும் என்பது வைத்திய விதி. அந்த வேறிடம் என் வகுப்பு. நான் என்ன செய்தேன்? இடைவேளையில் தேநீர் குடித்துக்கொண்டே, அன்று காலை அவன் மை கொட்டிய கோபத்தோடு, எல்லாவற்றுக்கும் 'மிக அடிக்கடி' என்று கோடிட்டுக் கொடுத்தேன். ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. ஒரு பிள்ளையின் உடம்புக்குள் எத்தனை மில்லிகிராம் போக வேண்டும் என்பதில் என் பேனாவுக்கும் பங்கிருந்தது. அதே பேனாவால்தான் மருந்துக்கெதிராகக் கதையும் எழுதினேன்.

அப்படியானால் இத்தகைய வாழ்வை எப்படி எழுதுவது? எழுத முடியும் என்பதற்கு ஜப்பானிய எழுத்தாளர் கென்ஸபுரோ ஓயே உதாரணம். அவருடைய மகன் 1963இல் மூளைக் குறைபாட்டோடு பிறந்தான். அடுத்த வருடமே 'ஒரு சொந்த விடயம்' என்று பொருள்படும் நாவலை எழுதினார். அதன் தகப்பன் நல்லவனல்ல. குழந்தைக்குப் பாலுக்குப் பதில் சீனித்தண்ணீர் கொடுத்து மெல்லச் சாகவிடலாமா என்ற யோசனைக்கு உடன்படுகிறான். குடிக்கிறான், ஓடுகிறான், கடைசியில் சத்திரசிகிச்சைக்கு ஒப்புக்கொள்கிறான். பிள்ளை குணமாகிவிடும் என்ற உறுதி அங்கே இல்லை. இருந்தும் அந்த முடிவு நம்மைத் தாங்குகிறது. ஏனெனில், வைத்தியம் தொடர்பான ஒரு தீர்மானத்தை, அதன் அசிங்கமான தயக்கங்களோடு முழுவதுமாகப் பார்த்துவிட்டோம். ஓயே 1994இல் நோபல் பரிசு பெற்றார். என் பேச்சு பரிசைப் பற்றியதல்ல. தீர்மானம் எடுக்கும் பெற்றோரின் மனம் ஒரு முழு நாவலைத் தாங்கும் என்பதை அவர் காட்டினார்.

எங்கள் ஊர்த் தாயின் தீர்மானத்தில் இன்னும் பல சிக்கல்கள் உண்டு. விடியற்காலை பஸ். மடியில் அடங்காத பிள்ளை. பக்கத்து ஆசனத்தவரின் பார்வை. வரிசை. தமிழில் நினைப்பதைச் சிங்களத்தில் சொல்ல வேண்டும். 'அவனுக்கு மனசு அந்தரப்படுது' என்பதைச் சிங்களத்தில் எப்படிச் சொல்வது? 'குழப்படி' என்று முடிந்துவிடுகிறது. இலவச வைத்தியம் இந்நாட்டின் பெருமைதான். ஆனால் 2022இல் டொலர் இல்லாமற்போனபோது நாடெங்கும் மருந்துத் தட்டுப்பாடு வந்தது. மார்ச் மாத இறுதியில் பேராதனைப் போதனா வைத்தியசாலையில், மருந்தில்லாமல் வழமையான சத்திரசிகிச்சைகளே இடைநிறுத்தப்பட்டது செய்தியானது. அந்த மாதங்களில் தகப்பன்மார் துண்டைப் பிடித்துக்கொண்டு கண்டி நகரில் பாமசி பாமசியாக ஏறி இறங்கினார்கள். குளிசையைப் பாலத்திலிருந்து எறியும் தாயை நான் எழுதினேன். குளிசையை எண்ணி எண்ணி, அரையைக் காலாக உடைத்து, மாத முடிவு வரை இழுக்க முயன்ற தாய்மாரை எமது இலக்கியம் இன்னும் எழுதவில்லை. அவர்களுள் யாரும் எழுத்தாளரின் வீட்டுக்கு வெளியே இல்லை. நம் சாச்சி, நம் மதினி, நம் தங்கச்சி.

என்னிடம் கேள்வி கேட்ட தாயைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அதன் பிறகு ஒருமுறை அவர் வந்தபோது கிளினிக் கொப்பியோடு இன்னொரு பயிற்சிக் கொப்பியும் கையில் இருந்தது. வைத்தியர் எழுதச் சொன்னாராம். மகளின் பழைய கணிதக் கொப்பியின் மிச்சப் பக்கங்கள். அனுமதி கேட்டு ஒரு பக்கத்தைப் பார்த்தேன். அவருடைய அனுமதியோடேயே இங்கு தருகிறேன்:

"சனி. காலக்குளுச குடுத்த. பகல் சோறு அரவாசி. கை கடிக்கல்ல. ராவைக்கு ஒரு மணிக்கு எழும்பின, ரெண்டு மணிக்கு ஒறங்கின.

ஞாயிறு. மாமி வீட்டுக்குப் போன. சத்தம் கூட. ரெண்டு தரம் கடிச்ச. குளுசையாலயா சத்தத்தாலயா தெரியல்ல.

திங்கள். சோறு முழுக்கத் திண்ட. சிரிச்ச. ஏன் சிரிச்சண்டு தெரியல்ல."

'குளுசையாலயா சத்தத்தாலயா தெரியல்ல.' என் கதை முழுவதிலும் இப்படியொரு வாக்கியம் இல்லை. அதில் எனக்கு எல்லாமே தெரிந்திருந்தது. மருந்து கெட்டது என்று தெரிந்திருந்தது. அன்பு வெல்லும் என்று தெரிந்திருந்தது. பிள்ளை எந்த வரியில் பேசும் என்பதுகூடத் தெரிந்திருந்தது. இந்தத் தாய்க்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று எழுதிவைத்துவிட்டு, அடுத்த நாளையும் பார்க்கிறார். பிள்ளையை எதற்கும் உதாரணமாக்கவில்லை. திங்கட்கிழமைச் சிரிப்பைக்கூட மருந்தின் வெற்றியாகவோ அன்பின் வெற்றியாகவோ மாற்றாமல் சிரிப்பாகவே விட்டிருக்கிறார். ஒரு விமர்சகனாக எனக்கு இதைவிடச் சிறந்த கதைசொல்லல் வேண்டியதில்லை.

பழைய கதையை ஒரு தொகுப்பில் சேர்க்க அண்மையில் கேட்டார்கள். வேண்டாம் என்றுவிட்டேன். கடைசி வரியை மாற்றித் தரலாமே என்றார் நண்பர். கடைசி வரியில் மட்டும் பிழையிருந்தால் மாற்றியிருப்பேன். அந்தப் பிள்ளை இரவில் உறங்குமா என்று எனக்கு இன்னமும் தெரியாது. தெரிந்துகொண்ட பிறகு எழுதலாம் என்றிருக்கிறேன். இதற்கிடையில் பாடசாலைக்குப் படிவம் வந்தால், அதை ஒரு கிழமை மேசையில் வைத்து, பிள்ளையைப் பார்த்துப் பார்த்து நிரப்புகிறேன்.